மாக்: கேலியா, மாதிரியா?

நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை ‘நாளைக்கு மாக் டெஸ்ட்’ என்கிறது. ‘தம்பி என்னை மாக் பண்றான்’ என்று புகார் சொல்வதும் அதே பிள்ளைதான். தேர்வில் கேலி இல்லை, தம்பியிடம் தேர்வு இல்லை. பிறகு எப்படி ஒரே சொல்?

கேலி செய்வதைக் குறித்த பழைய பிரெஞ்சு வினை ஒன்று 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்து ‘மாக்’ ஆனது. ஒருவரைக் கேலி செய்யச் சுலபமான வழி, அவரைப் போலவே நடந்தும் பேசியும் காட்டுவதுதானே? அந்தப் ‘போலச் செய்தல்’ அடுத்த நூற்றாண்டிலேயே கேலியைக் கழற்றிவிட்டுத் தனியாகவும் புழங்கத் தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கடலாமை சூப்புக்குக் காசு கட்டுப்படியாகாதவர்கள் கன்றுக்குட்டித் தலையைப் போட்டு அதே ருசிக்கு முயன்றார்கள். அதற்குப் பெயர் ‘மாக் டர்ட்டில் சூப்’. ஆமையை யாரும் கேலி செய்யவில்லை.

தமிழில் கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. நகை பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவதாகத் தொல்காப்பியம் வைப்பதே எள்ளலைத்தான். ஆனால் இவை எதிலும் போலச் செய்தல் கட்டாயமில்லை. இரண்டும் சேர்ந்த சொல் நம் வீடுகளிலேயே இருக்கிறது: பழிப்புக் காட்டுதல். ‘பெரியவங்களைப் பழிப்புக் காட்டாதே’ என்று திட்டு வாங்காதவர் யார்?

கேலி இல்லாத மாக்கைத்தான் பலர் ‘போலி’ என்று பெயர்த்து மாட்டிக்கொள்கிறார்கள். பந்தல் பந்தர் ஆவதை இலக்கணம் போலி என்றுதான் சொல்கிறது, அதில் குற்றம் ஏதுமில்லை. இன்றைய பேச்சிலோ போலி என்றாலே மோசடி. தேர்தல் நாளில் வாக்குப்பதிவு தொடங்கும் முன், முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டு இயந்திரத்தைச் சரிபார்ப்பார்கள். அதைப் ‘போலி வாக்குப்பதிவு’ என்று எழுதினால் கலவரமே வரும்! மாதிரி வாக்குப்பதிவு, மாதிரித் தேர்வு என்பதே சரி. ‘மாக் டிரில்’லுக்கு ஒத்திகை போதும். 2025 மே 7 அன்று நாடு முழுக்க நடந்த பாதுகாப்புப் பயிற்சியைத் தமிழ்ச் செய்திகள் அப்படித்தான் சொல்லின.

அமெரிக்காவின் ‘மாக்கிங்பேர்ட்’ மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும். கேலிப் பறவை என்பது அதற்கு அநியாயம். மேடையில் பலகுரல் கலைஞர் என்கிறோமே, அதையொட்டிப் பலகுரல் பறவை எனலாம்.

அப்புறம் மாக்டெய்ல். ‘மது இல்லாக் கலவை’ என்றால் பொருள் சரிதான். அந்தப் பெயரில் யாராவது ஆர்டர் செய்வார்களா என்பது வேறு கதை.