ஐந்தடி பின்னே நகர்ந்த பந்துவீச்சும் 1894இன் மட்டைச் சாதனைகளும்

1894ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நேஷனல் லீக் பேஸ்பால் போட்டிகளில் பாஸ்டன் அணியின் ஹியூ டஃபி பெற்ற மட்டைச் சராசரி 0.440. கிரிக்கெட்டில் ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுப்பது போல, பேஸ்பாலில் ஒருவர் அடித்த 'ஹிட்'களை (அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் முதல் தளத்தையேனும் எட்டும் அடிகளை) அவருக்குக் கிடைத்த மட்டை வாய்ப்புகளால் வகுக்கிறார்கள். 0.300 எடுப்பவரே சிறந்த மட்டையாளர் எனப்படும் ஆட்டத்தில் 0.440 என்பது வியப்பூட்டும் எண். ஆனால் அதே ஆண்டில் பிலடெல்பியா அணியின் வெளிக்களத் தடுப்பாளர்களான எட் டெலஹான்டி, பில்லி ஹாமில்டன், சாம் தாம்ப்சன் ஆகிய மூவரும் 0.400ஐத் தாண்டினார்கள். அத்தனை அடித்தும் அந்த அணி நான்காம் இடத்தையே பிடித்தது என்பதிலிருந்து, எதிரணிகளும் எவ்வளவு அடித்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

காரணம், அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ஒரு விதிமாற்றம். 1892 வரை பந்து வீசுபவர் ஒரு செவ்வகக் கட்டத்துக்குள் நின்று வீசினார். கட்டத்தின் முன்கோடு மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து 50 அடி தொலைவில் இருந்தது. ஆயினும் பின்காலைக் கட்டத்தின் பின்கோட்டில் ஊன்றியே வீச்சைத் தொடங்க வேண்டும் என்பதால், உண்மையான தூரம் 55 அடி 6 அங்குலம். 1893இல் கட்டம் நீக்கப்பட்டு, 60 அடி 6 அங்குலத் தொலைவில் ஒரு ரப்பர் பலகை பதிக்கப்பட்டது. வீசுபவரின் கால் அதைத் தொட்டிருக்க வேண்டும். ஆகவே கூடிய தூரம், பலரும் எண்ணுவதுபோல் பத்தடிக்கு மேல் அன்று, ஐந்தடிதான்.

அந்த ஐந்தடி எப்படி இவ்வளவு செய்தது? மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு ஏறத்தாழ 36 மீட்டர் செல்கிறது. ஐந்தடியைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் நூற்றில் நான்கு பங்கு போதும். ஆனால் பந்தின் மொத்தப் பயணமே அரை நொடிக்குள் முடிந்துவிடுகிறது. அதிலும் மட்டையைச் சுழற்றி முடிப்பதற்கான நேரத்தைக் கழித்துவிட்டால், பந்தைக் கண்டு, அதன் போக்கைக் கணித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க மிஞ்சுவது கால் நொடி அளவே. அந்தக் கால் நொடியோடு சேர்ந்ததால்தான் சிறிய கூடுதல் பெரிதாயிற்று. வீசுபவர்களோ கட்டத்துக்குள் அடியெடுத்து வைத்து உடலின் உந்தத்தைப் பந்துக்குக் கொடுக்கும் வசதியை இழந்தார்கள். வளைபந்து எங்கே திரும்ப வேண்டும் என்பதையும் புதிய தூரத்துக்கு ஏற்பப் பழக வேண்டியிருந்தது. லீக்கின் ஒட்டுமொத்தச் சராசரி 1892இல் 0.245; 1893இல் 0.280, 1894இல் 0.309.

விதியொன்று மட்டைச் சராசரியை உயர்த்தியது அதுவே முதல் முறையன்று. 1876இல் சிகாகோ அணியின் ராஸ் பார்ன்ஸ் 0.429 எடுத்தபோது, முதலில் களத்துக்குள் தரையைத் தொட்ட பந்து பின்னர் கோட்டுக்கு வெளியே உருண்டோடினாலும் செல்லும். அவர் அந்த அடியில் வல்லவர். அடுத்த ஆண்டே அவ்விதி மாறியது, அவருடைய சராசரியும் 0.272க்கு இறங்கியது. ஆனால் அவ்வாண்டில் அவர் நோயுற்றுச் சில ஆட்டங்களே ஆடினார் என்பதால், வீழ்ச்சி முழுவதையும் விதியின்மேல் ஏற்றுவது நியாயமாகாது. 1887இலோ வீசுபவரின் தவறான வீச்சுகளால் பந்தை அடிக்காமலே முதல் தளத்தைப் பெறும் 'வாக்'கும் ஹிட்டாகக் கணக்கிடப்பட்டது. பின்னாளில் அது நீக்கப்பட்டும், அவ்வாண்டில் ஆடிய செயின்ட் லூயிஸ் அணியின் டிப் ஓ'நீலுக்கு 0.435 நின்றது.

எனவே வீரரின் எண்ணை அவ்வாண்டின் லீக் சராசரியால் வகுத்துப் பார்ப்பதே முறை. டஃபி தம் காலத்தவரைவிட 1.42 மடங்கு, 1901இல் அமெரிக்கன் லீக்கில் 0.426 எடுத்த நாப் லாஜோய் 1.54 மடங்கு, 1941இல் 0.406 எடுத்த டெட் வில்லியம்ஸ் 1.53 மடங்கு. இவர்களுள் நான் வில்லியம்ஸையே முன்வைப்பேன். லாஜோய் ஆடிய லீக்குக்கு முதன்மை லீக்காக அது முதல் ஆண்டு. அதன் வீரர்களின் தரத்தில் ஏற்றத்தாழ்வு மிகுதி. உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் காட்டியதுபோல், ஆட்டம் முதிர முதிர வீரர்களின் சராசரிகள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. எல்லோரும் தேர்ந்துவிட்ட களத்தில் ஒருவர் மட்டும் அவ்வளவு தூரம் விலகி நிற்பது அரிதினும் அரிது.