ஒரு வரிக்குறைப்பு, மூன்று தேர்தல்கள்

2019 நவம்பர் 16ஆம் திகதி நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ 52 வீத வாக்குகளுடன் வென்றார். பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 27ஆம் திகதியே அமைச்சரவை ஒரு பெரிய வரிக்குறைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. 2 வீதமாக இருந்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி அடியோடு நீக்கப்பட்டது. சம்பளம் வாங்குபவர் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் உழைத்தால் வருமான வரி என்றிருந்தது, இரண்டரை லட்சத்துக்கு மேல் என்று மாறியது.

பிரசார காலத்திலேயே அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, கோட்டாபயவின் இந்த வரிக்குறைப்பு வாக்குறுதிகளை நிறைவேற்றினால் நாடு வங்குரோத்தாகிவிடும் என்று எச்சரித்தார். தேர்தல் நேரத்தில் போட்டி அணி சொல்வதை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது.

இந்த இரண்டு திகதிகளுக்கும் இடையில் கொரோனா வந்தது, சுற்றுலா முடங்கியது, இரசாயன உரத்துக்குத் தடை போட்டு வயல்களைப் பாழாக்கினார்கள். வரிக்குறைப்பு மட்டுமே நாட்டைக் கவிழ்த்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தேர்தல், அரசின் வரவுசெலவு, பொருளாதாரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று பார்க்க இதைவிடத் தெளிவான பாடம் நம் பக்கத்தில் இல்லை.

மாதம் இரண்டு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2019இல் அவர் சம்பளத்தில் 6,000 ரூபாய் வரியாகப் போனது. 2020 ஜனவரியிலிருந்து ஒரு சதம்கூடப் போகவில்லை. 2023 ஜனவரியில் அதே சம்பளத்துக்கு வரி 10,500 ரூபாய். 2025 ஏப்ரலில் 3,000 ரூபாய். ஆறே வருடத்தில் ஒரே சம்பளத்துக்கு நான்கு விதமான வரி! வரியில்லாத மூன்று வருடத்தில் அவருக்கு மிஞ்சியது 2 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய். இழந்தது எவ்வளவு? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி, விலைகள் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 வீதம் கூடியிருந்தன. அப்படியென்றால், ஒரு வருடத்துக்கு முன்பு ஒரு லட்சத்து 18 ஆயிரத்துக்கு வாங்கக்கூடியதைத்தான் அந்த இரண்டு லட்சம் இப்போது வாங்கும். ஒவ்வொரு மாதமும் 80 ஆயிரத்துக்கு மேல் வாங்கும் சக்தி போய்விட்டது. மூன்று வருடச் சேமிப்பு மூன்று மாதத்துக்குக் காணாது.

சரி, குறைத்த வரி எப்படி விலையேற்றமாகத் திரும்பி வந்தது?

2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 வீதத்துக்கு அருகில் இருந்த வரி வருமானம், அடுத்த இரண்டு வருடங்களில் 8 வீத அளவுக்கு இறங்கியது. செலவு இறங்கவில்லை. இறக்கவும் முடியாது. சம்பளம், ஓய்வூதியம், பழைய கடனுக்கான வட்டி எல்லாம் மாதம் பிறந்தால் கொடுத்தே ஆகவேண்டியவை. 2020இல் அரசின் வருமானத்தில் 70 வீதத்துக்கும் அதிகமானது வட்டிக்கே போயிற்று. வெளிநாட்டில் கடன் வாங்கலாம் என்றால், ஒரு நாடு கடனைத் திருப்பிக் கொடுக்குமா என்று மதிப்பிடும் தரப்படுத்தல் நிறுவனங்கள் வரிசையாக இலங்கையின் மதிப்பைக் குறைத்தன. அந்தக் கதவு 2020லேயே சாத்தப்பட்டது.

மிச்சமிருந்தது மத்திய வங்கி. திறைசேரி உண்டியல் என்ற குறுங்காலக் கடன் பத்திரத்தை அரசு வாரந்தோறும் ஏலம் விடும். அரசு கொடுக்க நினைத்த குறைந்த வட்டிக்கு வாங்கப் போதிய ஆட்கள் இல்லாதபோது, மீதியை மத்திய வங்கி வாங்கிக்கொண்டது. அதற்காக அது யாரிடமும் பணம் திரட்டத் தேவையில்லை. அரசின் கணக்கில் ஒரு தொகையை எழுதினால் போதும், புதுப் பணம் பிறந்துவிடும். காசு அச்சடிப்பது என்று சனங்கள் சொல்வது இதைத்தான்.

அந்தப் பணம் சம்பளமாகவும் ஒப்பந்தக் கட்டணமாகவும் ஊருக்குள் வந்தது. எரிபொருள், பால்மா, மருந்து, கோதுமை எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கும் நாட்டில், கூடுதலாகப் புழங்கும் ரூபாயில் ஒரு பங்கு டொலரைத் தேடிப் போகும். அப்போது டொலரின் விலை ஏறவேண்டும். அதை ஏறவிடாமல் 200 ரூபாய்ச் சொச்சத்தில் பிடித்துவைத்தார்கள். பிடித்துவைக்க, கையிருப்பு டொலரை விற்கவேண்டும். 2019 முடிவில் 760 கோடி டொலராக இருந்த கையிருப்பு, 2021 நவம்பரில் 160 கோடிக்கு வந்துவிட்டது. 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள். மே மாதத்தில் ஒரு டொலர் 360 ரூபாய். அதற்கு மேல் நடந்ததை எரிவாயு சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

இந்தத் தொடரில் நான் அதிகம் யோசிப்பது கால இடைவெளியைப் பற்றித்தான். வரி குறைந்தது அடுத்த சம்பளத்திலேயே தெரிந்தது. அதன் விலை தெரிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில், 2020 ஓகஸ்ட் 5ஆம் திகதி, பாராளுமன்றத் தேர்தல். ராஜபக்ஷக்களின் கட்சி 225 ஆசனங்களில் 145ஐப் பிடித்தது. வாக்களித்தவர்களை முட்டாள்கள் என்று திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்றைக்கு அவர்கள் கண்முன் இருந்தது நன்மை மட்டும்தான். விலை இன்னும் மத்திய வங்கியின் கணக்கேடுகளுக்குள் இருந்தது.

அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் நோர்ட்ஹாஸ் 1975இலேயே இதை ஒரு மாதிரியாக எழுதிக் காட்டினார். தேர்தலுக்கு முன் அரசு பொருளாதாரத்தைச் சூடாக்கும், வென்றபின் அந்தச் சூட்டைத் தணிக்கும், அடுத்த தேர்தல் நெருங்கும்போது திரும்பவும் சூடாக்கும். பின்னாளில் பல நாடுகளின் கணக்குகளை ஒப்பிட்டவர்கள், இந்தப் பழக்கம் எல்லா ஜனநாயகங்களிலும் ஒரே அளவில் இல்லை என்று கண்டார்கள். அரசின் கணக்கு வெளிப்படையாக இருந்து, அதை வாக்காளர்கள் படிக்கவும் முடிகிற இடங்களில் அது பலவீனமாக இருக்கிறது.

இலங்கையில் இது 2019இல் தொடங்கியதும் அல்ல. 2015 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தலில் மைத்திரிபால சிறிசேன வென்றார். அதே மாதக் கடைசியில் வந்த இடைக்கால வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் சம்பளத்தைக் கூட்டியது. ஓகஸ்டில் பாராளுமன்றத் தேர்தல். 2016இல் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன், 11 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 15 வீதம். பிறகு அந்த அரசு உண்மையிலேயே கணக்கைச் சீராக்கியது. வட்டியைத் தவிர்த்துப் பார்த்தால் 2017இல் வரவு செலவைவிடச் சற்றுக் கூட இருந்தது. பல பத்தாண்டுகளாகக் காணாத விஷயம் அது. 2018இன் உள்ளூராட்சித் தேர்தலில் அந்த அரசின் கட்சிகள் அடிவாங்கின. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளும் சேர்ந்துகொள்ள, 2019இல் ஆட்சியே போயிற்று. ஏற்றிய அந்த 15 வீதத்தைத்தான் அடுத்து வந்தவர்கள் 8 ஆக்கினார்கள்.

இதில் என்னை மிகவும் வருத்துவது மலையகத் தோட்டங்களின் நிலைதான். நாளுக்கு 1,000 ரூபாய் சம்பளம் என்பதும் ஒரு தேர்தல் வாக்குறுதி. 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் ஏறியது. அடுத்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 95 வீதம் கூட. கொழுந்து பறிப்பவருக்கு வருமான வரிக் குறைப்பால் ஐந்து சதம் கிடைத்திருக்காது. அவர் அந்த வரிக்குள் இருந்ததே இல்லை. பெறுமதி சேர் வரி குறைந்ததிலும் பெரிய பயன் இல்லை, அரிசிக்கும் பாணுக்கும் ஏற்கெனவே அந்த வரி கிடையாது. ஆனால் விலையேற்றத்தில் அவருடைய பங்கை அவர் முழுதாகக் கட்டினார். வருமானத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போகிறவர் என்பதால், விகிதத்தில் மற்றவர்களைவிடக் கூடவே கட்டினார்.

மூன்றாவது தேர்தல் 2024 செப்டெம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தல். அதற்குள், 2022இல் கோட்டாபய பதவி விலகியபின் ஜனாதிபதியான ரணில் விக்கிரமசிங்க, நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். பெறுமதி சேர் வரி 18 வீதம். பணவீக்கம் 70 வீதத்திலிருந்து பூச்சியத்துக்கே வந்திருந்தது, பொருளாதாரம் வளரத் தொடங்கியிருந்தது. ஆனாலும் அவருக்கு 17 வீத வாக்குகளும் மூன்றாம் இடமும்தான் கிடைத்தன. அநுர குமார திசாநாயக்க வென்றார். பணவீக்கம் பூச்சியமானால் விலை ஏறுவது நின்றது என்றுதான் அர்த்தம். ஏறிய விலை ஏறியபடியே இருந்தது, சம்பளம் அதை எட்டிப் பிடிக்கவில்லை. அதோடு, 10,500 ரூபாய் வெட்டப்பட்ட சம்பளத் துண்டைக் கையில் வைத்திருந்தவருக்கு அந்த வெட்டைப் போட்டவர் யார் என்பது நன்றாகவே தெரியும். அது ஏன் தேவைப்பட்டது என்பதற்கான காரணம் ஐந்து வருடம் பின்னால் கிடந்தது.

இந்தச் சுழலை உடைக்க இரண்டு சட்டங்கள் வந்திருக்கின்றன. 2023இன் மத்திய வங்கிச் சட்டம், அரசின் உண்டியல்களை மத்திய வங்கி நேரடியாக வாங்குவதைத் தடுக்கிறது. 2024இன் பொது நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி தவிர்ந்த அரச செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதம் என்று எல்லை போடுகிறது. என் பார்வையில் முதலாவதுதான் முக்கியம். வாக்குறுதி கொடுப்பதை எந்தச் சட்டத்தாலும் நிறுத்தமுடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் அச்சடித்து மறைக்க வழியில்லாமல் போனால், வரியைக் குறைக்கும் அரசு அதே வருடத்தில் எதையாவது வெட்டவேண்டும், அல்லது சந்தை வட்டிக்குக் கடன் வாங்கவேண்டும். அப்போது செலவு, நன்மை இரண்டும் ஒரே தேர்தலுக்கு முன்பே வாக்காளர் கண்ணில் படும்.

எல்லை போடுவது இதுவே முதல் தடவையும் அல்ல. 2003லேயே ஒரு நிதிப் பொறுப்புச் சட்டம் பற்றாக்குறைக்கு எல்லை வைத்தது. தேர்தலுக்கு முன் அரசின் நிதிநிலை அறிக்கையை வெளியிடவேண்டும் என்றும் சொன்னது. எல்லையைத் தொடமுடியாதபோதெல்லாம் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இலக்கைத் தள்ளிவைத்தது. புதிய இரண்டு சட்டங்களையும் மாற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதும், திசாநாயக்கவின் இன்றைய அரசிடம் 159 ஆசனங்கள் இருக்கின்றன. நாணய நிதியத்தின் திட்டம் 2027இல் முடிகிறது. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல். வெளியிலிருந்து கணக்குப் பார்க்க யாரும் இல்லாத அந்த இரண்டு வருட வரவுசெலவுத் திட்டங்களையும், மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடும் உண்டியல் ஏல முடிவுகளையும் நம் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போடவேண்டும்.