தோவாளைக் கணக்கில் தொலைந்த 400 கிராம்

தோவாளைப் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடை. அங்கே ஓடும் பில்லிங் மென்பொருளை எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். குறிப்பு எதுவும் விட்டுப்போகவில்லை.

"தம்பி, பிச்சி ரெண்டு கிலோ நானூறுன்னு சீட்டுல எழுதியிருக்கு. கம்ப்யூட்டர் ரெண்டுன்னு காட்டுது. பூ கொண்டு வந்தவருக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று என்னிடம் கேட்டார் கடைக்கார அண்ணாச்சி.

மென்பொருள் தகவல்களைச் சேமித்துவைக்கும் தரவுதளத்தைத் திறந்தேன். உள்ளே நூற்றுக்கும் மேல் டேபிள்கள், அதாவது வரிசையும் நெடுவரிசையுமாக உள்ள பட்டியல்கள். எடை எதில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, தரவுதளத்திடமே கேட்டுவிடலாம். என்னென்ன டேபிள்கள், எதில் எந்த நெடுவரிசை, அதன் வகை என்ன என்ற விவரங்களையும் அது டேபிள்களாகவே வைத்திருக்கிறது. தரவை இப்படி டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் முறைக்கு அடித்தளமிட்ட எட்கர் காட் 1985இல் வகுத்த விதிகளில் நான்காவது இதைத்தான் கேட்கிறது: தரவைக் கேட்கிற அதே மொழியில் தரவின் அமைப்பையும் கேட்க முடிய வேண்டும். எனக்கு அந்த விதிகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

தரவுதளத்திடம் கேட்கும் அந்த மொழி எஸ்க்யூஎல். அதன் 1992 தரநிலை இந்த அமைப்பு விவரங்களுக்கு இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்று பொதுப்பெயர் வைத்தது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுதள மென்பொருள்கள் மூன்றிலும் உண்டு. ஆரக்கிளில் அந்தப் பெயரில் கிடையாது, ஆல்_டேப்_காலம்ஸ் என்று தேட வேண்டும்.

கடையில் இருந்தது மைஎஸ்க்யூஎல். பெயரில் 'வெயிட்' என்று வரும் நெடுவரிசைகளை முதலில் கேட்டேன். ஒன்றுமில்லை. அப்புறம்தான் உறைத்தது, எழுதியவர் நம்மூர்க்காரர் ஆயிற்றே! தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் வைத்திருப்பார். பெயரில் 'எடை' என்று வரும் நெடுவரிசை எந்த டேபிளில், என்ன வகையில் இருக்கிறது என்று கேட்டேன் (கணினியில் அடித்தது எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்):

செலக்ட் டேபிள்_நேம், டேட்டா_டைப் ஃப்ரம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.காலம்ஸ் வேர் காலம்_நேம் லைக் '%எடை%'

மூன்று வரிகள் வந்தன. இருப்பு, டெசிமல். பில், டெசிமல். வரவு, இன்ட்.

பிடிபட்டது. டெசிமல் என்றால் புள்ளிக்குப் பின்னும் எண் வரலாம். இன்ட் என்றால் முழு எண் மட்டும். அதில் 2.4 போட்டால் மைஎஸ்க்யூஎல் பிழை எதுவும் சொல்லாமல் 2 என்று முழுமையாக்கிச் சேமித்துவிடும். 2.6 போட்டால் 3. ஒரு நாள் விவசாயிக்கு நட்டம், இன்னொரு நாள் கடைக்கு.

நோட்டில் எழுதிவைத்த குறிப்பு பழசாகிவிடலாம். இந்த விவரம் அப்படிப் பழசாகாது. நாம் எதைக் கேட்டாலும் அந்தப் பெயரில் டேபிள் உண்டா, நெடுவரிசை உண்டா, நமக்கு அனுமதி உண்டா என்று தரவுதளமே முதலில் இங்கேதான் பார்க்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நம் லாகினுக்கு அனுமதி இல்லாத டேபிள்கள் இந்தப் பட்டியலில் வரவே வராது. 'இல்லை' என்று முடிவுகட்டும் முன் எந்த லாகினில் இருக்கிறோம் என்று பாருங்கள்.

வகையை டெசிமலாக மாற்றினேன். மறுபடி கேட்டபோது மூன்றாவது வரியும் டெசிமல் என்றே வந்தது. ஆனால் ஏற்கெனவே 2 ஆகிப்போன எடை தானாக 2.4 ஆகாது. அண்ணாச்சி அலமாரியிலிருந்து பழைய சீட்டுக் கட்டுகளை இறக்கி வைத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த உட்கார்ந்தோம்.