தாடையைத் தூக்கிப் பார்த்த மனிதர்

நர்சிங் மூன்றாம் ஆண்டு படித்தபோது, ஈரோடு பக்கம் ஒரு மருத்துவமனையில் எனக்கு இரவுப் பணி. விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு விவசாயியை வயிற்றுவலி என்று கூட்டிவந்தார்கள். நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்தேன். எதுவும் மோசமில்லை. கண் மட்டும் சொக்கிக்கொண்டிருந்தது. "ராத்திரி பூரா மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டிப்போட்டு இப்பத்தான் சாளையில கீழ படுத்தாருங்க, தூக்கமே பத்தலீங்க" என்றார் அவர் மனைவி. சாளை என்றால் எங்கள் பக்கத்தில் தோட்டத்துக் குடிசை. சரி, தூக்கக் கலக்கம் என்று நானும் எழுதிவிட்டேன்.

அப்புறம் வார்டு சிஸ்டர் வந்தார். அவர் கட்டில் அருகே நின்றதும், அந்த மனிதர் தாடையைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து அவரைப் பார்த்தார். சிஸ்டர் உடனே குனிந்தார். "அண்ணா, தலையை ஆட்டாம கண்ணால மட்டும் மேல பாருங்க." இமை ஏறவில்லை. "ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க பாக்கலாம்." பதினொன்றுக்கு மேல் மூச்சு போதவில்லை. "டாக்டரைக் கூப்பிடு அம்மிணி. கட்டுவிரியன் மாதிரி இருக்குது."

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். இரவில் தரையில் படுத்துத் தூங்குபவர்கள்தான் இதனிடம் அதிகம் கடிபடுகிறார்கள். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை இதன் நஞ்சு தடுத்துவிடும். பெரும்பாலும் முதலில் இமை தொய்யும், பிறகு கழுத்து தளரும், கடைசியில் மூச்சுத் தசைகள். இமை தொய்ந்தவர் எதிரில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமானால் தாடையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், மூன்று நாள் வென்டிலேட்டரில் இருந்தார், பிழைத்து வீட்டுக்குப் போனார்.

இதெல்லாம் நானும் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். தெரிந்த ஒன்று கண்ணெதிரே இருந்தும் ஏன் தெரியவில்லை?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நர்சிங் பேராசிரியராக இருந்த கிறிஸ்டின் டானர் இதைத்தான் ஆராய்ந்தார். ஏறக்குறைய 200 ஆய்வுகளை அலசி, ஒரு நர்ஸ் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை 2006-ல் ஒரு சட்டகமாகத் தந்தார். கவனித்தல், பொருள் புரிதல், செயல்படுதல், திரும்பிப் பார்த்தல் என்று அதில் நான்கு படிகள். நோயாளியிடம் இருக்கும் அறிகுறிகளைவிட, நர்ஸ் மனதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதே முடிவைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது என்றார். எதை எதிர்பார்த்துப் போகிறோமோ அதுதான் கண்ணில் படும். அந்த அம்மா 'தூக்கம்' என்று சொன்னதும் நான் தூக்கத்தைத்தான் பார்த்தேன். சிஸ்டருக்கோ சாளை, தரை, விடிகாலை, வயிற்றுவலி எல்லாம் பல வருஷ இரவுகளில் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடந்தன. தாடை உயர்ந்ததும் முடிச்சு இழுபட்டது.

புதிதாக வருபவர் விதிகளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடியும், அனுபவம் சேரச் சேரத்தான் சூழலை மொத்தமாகப் பார்க்கிறார் என்று அமெரிக்க நர்சிங் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984-லேயே ஐந்து நிலைகளாக விளக்கியிருந்தார். நாடி 60-லிருந்து 100-க்குள் இருந்தால் சரி என்பது விதி. அந்த விதியை நான் ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தேன்.

இப்போது நான் நர்சிங் ஆசிரியர். டானரின் நான்காவது படியான திரும்பிப் பார்த்தல்தான் எனக்கு மிகவும் வேண்டியது. பெரும்பாலும் ஏதோ தவறிப்போன பிறகுதான் நர்ஸ்கள் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதும் அவர் கண்டது. இதை ஒட்டி, நர்சிங் ஆசிரியரான கேத்தி லாசட்டர் 2007-ல் நான்கு படிகளையும் பதினோரு கூறுகளாகப் பிரித்து ஓர் அளவுகோல் தந்தார். அதை வைத்துப் பார்த்தால் மாணவி எந்த இடத்தில் தடுக்கினாள் என்று சொல்ல முடிகிறது. நான் தடுக்கியது முதல் படியிலேயே. அப்படிப்பட்ட பிள்ளையைச் 'சோம்பேறி, பொறுப்பில்லை' என்று வார்டில் எல்லார் முன்னாலும் திட்டுவதில் என்ன பிரயோசனம்? எனக்கு இது இன்றைக்கும் ஆற்றாமைதான். அந்த சிஸ்டர் திட்டவில்லை. டீ குடிக்கும்போது, "அம்மிணி, அவரு உன்னை எப்படிப் பார்த்தாரு, ஞாபகம் இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். யோசித்தேன். என்னையும் தாடையைத் தூக்கித்தான் பார்த்திருந்தார்.

இப்போது என் மாணவிகள் ஒவ்வொரு பணி முடிந்ததும் ஒரு நோட்டில் எழுதுகிறார்கள்: என்ன எதிர்பார்த்துப் போனேன், என்ன பார்த்தேன், எது ஒட்டவில்லை. முதல் சில மாதம் 'நோயாளி நலம்' என்றே வரும். அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போன மாதம் கோபிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: "பாட்டி நேத்து மாத்திரையை வலது கையில் வாங்கினார். இன்று இடது கையில் வாங்கினார். சிஸ்டரிடம் சொன்னேன்." அன்று காலை கேஸ் ஷீட்டில் அதற்கு முன் யாரும் அதை எழுதியிருக்கவில்லை.