சுட்ட கறியில் எது கெடுதல்?

பெங்களூரு ஃபிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டு சீக் கபாப், கொத்சுவுக்குச் சுட்ட கத்தரிக்காய், கேஸ் தீயில் நேராகக் காட்டி உப்பவைத்த சப்பாத்தி. மூன்றும் நெருப்பில் வாட்டியவைதான். ஆனால் ஒவ்வொன்றிலும் உண்டாகும் கெடுதல் வேறு.

கறியில் இரண்டு வேலை நடக்கிறது. தசையிலுள்ள கிரியேட்டினும் அமினோ அமிலங்களும் சுமார் 150 டிகிரிக்கு மேல் போனால் ஹெட்டிரோசைக்ளிக் அமீன்கள் என்ற, புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய வேதிப்பொருள்கள் உருவாகும். கரியடுப்பே வேண்டாம், தோசைக்கல்லில் தீய விட்டாலும் வரும். இரண்டாவது, கொழுப்பு உருகித் தணலில் சொட்டும்போது எழும் புகை. அதிலுள்ள பென்சோபைரீன் கறியின் மேல் படிகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஆதாரம் உறுதியான பிரிவில், வைத்திருக்கிறது. எவ்வளவு தின்றால் எவ்வளவு ஆபத்து என்பதை அந்தப் பிரிவு சொல்லாது. ரம்ஜானுக்கு ரெண்டு சீக் தின்றவர் கலங்க வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் தின்பவர் குறைக்கட்டும்.

வீட்டு மாடியில் சுடுபவர்களுக்கு: அரைக்கிலோ கோழியைத் தோல் நீக்கி, ஒரு எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது சேர்த்து ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். சர்க்கரையும் தேனும் சீக்கிரம் கருகும், கடைசி நிமிடத்தில் தடவினால் போதும். கோழி ஊறியதும் எட்டு நிமிடம் ஆவியில் வேகவைத்து, வடியும் சாற்றைக் கொட்டிவிடுங்கள். கிரியேட்டினில் ஒரு பங்கு அதோடு போய்விடும், தீயில் நிற்கும் நேரமும் குறையும். அரைவேக்காட்டை எடுத்து வைத்து மாலையில் சுடுவது மட்டும் கூடவே கூடாது, கிருமி பெருகும்.

கொழுந்து விட்டெரியும்போது கம்பியை வைக்காதீர்கள். தணல் நீறு பூக்கட்டும். அதை ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் வையுங்கள். கொழுப்பு தணலில் விழாது. நிமிடத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். கறுத்ததைச் சுரண்டினால் போதாது, வெட்டி எறியுங்கள். கருகலுக்குப் பயந்து பச்சையாக இறக்கினால் அது வேறு வினை: கோழியின் உள்ளே 74 டிகிரி எட்ட வேண்டும்.

கபாபில் செயற்கை நிறம் சேர்ப்பதைக் கர்நாடகம் 2024 ஜூனில் தடை செய்தது. இன்னமும் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் தந்தால் வாங்காதீர்கள்; கருகல் எங்கே என்றே அதில் தெரியாது.

கத்தரிக்காயில் கிரியேட்டின் இல்லை, அந்த அமீன்களும் இல்லை. கருகிய தோலை முழுக்க உரித்துவிட்டால் போதும். சப்பாத்தி, பிரெட், உருளைக்கிழங்கில் 120 டிகிரிக்கு மேல் வருவது அக்ரிலமைடு என்ற வேறொரு கெடுதலான வேதிப்பொருள். பொன்னிறத்தில் இறக்குங்கள்.

டிசம்பர் குளிரில் அடுப்பைக் கண்ணாடி மூடிய பால்கனிக்குள் கொண்டுபோவது இவை எல்லாவற்றையும்விட அவசரமான ஆபத்து. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தலைவலி, குமட்டல் தெரிந்தால் உடனே வெளியே வாருங்கள். சுட்டு முடித்ததும் மாடியிலேயே தண்ணீர் ஊற்றித் தணலை முழுக்க அணைத்துவிடுங்கள்.