மெகில்லா: பூரீம் பண்டிகையில் ஓதும் முடங்கல்

யூதர்களின் பூரீம் பண்டிகையில் ஓதும் எஸ்தர் புத்தகச் சுருளுக்கு மெகில்லா என்று பெயர். இந்த எபிரேயச் சொல்லுக்கு ‘சுருட்டி வைத்தது’ என்று பொருள். கிமெல், லாமெத், லாமெத் என்ற மூன்று எழுத்து வேரிலிருந்து வந்தது. உருட்டு, புரட்டு, சுருட்டு எல்லாம் அந்த வேரில் அடங்கும். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இதே வேரில் பிறந்த ஊர்ப்பெயர் ஒன்று தெரிந்திருக்கும்: கில்கால். எகிப்தின் நிந்தையைக் கர்த்தர் அங்கே ‘புரட்டிப்போட்டதால்’ அந்தப் பெயர் வந்ததாக யோசுவா புத்தகம் சொல்கிறது.

முதலில் இது எந்தச் சுருளுக்கும் பொதுவான சொல்லாகத்தான் இருந்தது. எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் அரசன் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். அந்தச் சுருளும் மெகில்லாதான். அந்த இடத்தில் தமிழ் வேதாகமம் ‘புஸ்தகச்சுருள்’ என்கிறது. பிறகு, பண்டிகைகளிலும் நோன்பு நாளிலும் வாசிக்கும் ஐந்து சிறிய நூல்களுக்கு இந்தப் பெயர் நிலைத்தது: பஸ்காவுக்கு உன்னதப்பாட்டு, ஷாவுவோத் என்ற வாரங்களின் பண்டிகைக்கு ரூத், எருசலேம் ஆலயம் இடிந்த துக்க நாளுக்குப் புலம்பல், கூடாரப் பண்டிகைக்குப் பிரசங்கி, பூரீமுக்கு எஸ்தர். ஆனால் அடைமொழி இல்லாமல் மெகில்லா என்று மட்டும் சொன்னால், யூதர்களுக்கு அது எஸ்தரின் சுருள் ஒன்றுதான். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இந்த வாசிப்பின் விதிகளைப் பேசும் பகுதிக்கே மெகில்லா என்றுதான் பெயர்.

எஸ்தரின் கதை பலருக்கும் தெரிந்ததே. பாரசீகப் பேரரசில் யூதர்களை அழிக்க அரசனின் அமைச்சன் ஆமான் சீட்டுப் போட்டு நாள் குறிக்கிறான். எஸ்தர் ராணியும் அவளை வளர்த்த உறவினர் மொர்தெகாயும் அதை முறியடிக்கிறார்கள். அந்தச் சீட்டுக்குப் ‘பூர்’ என்று பெயர். அதன் பன்மைதான் பூரீம். எபிரேய நாட்காட்டியின் ஆதார் மாதம் 14ஆம் நாள் பண்டிகை. எருசலேம் பழங்காலத்து மதில் சூழ்ந்த நகரம் என்பதால் அங்கே மட்டும் 15ஆம் நாள். எஸ்தர் சுருளில் 10 அதிகாரங்கள், 167 வசனங்கள். மாலையில் ஒரு முறை, மறுநாள் பகலில் இன்னொரு முறை முழுவதையும் ஓத வேண்டும். அதுவும் தோலில் மையால் கையெழுத்தாக எழுதிய சுருளிலிருந்து.

இனி, வழக்கத்துக்குப் பின்னால் உள்ள பொருளுக்கு வருவோம். எஸ்தர் புத்தகத்தின் 9ஆம் அதிகாரம் இந்த எழுத்தை ‘இக்கெரெத்’ என்று அழைக்கிறது, அதாவது கடிதம். அதனால் ஓதுபவர், மோசேயின் ஐந்து நூல்கள் அடங்கிய தோராவைப் போலச் சுருட்டிக்கொண்டே போவதில்லை. சுருளை விரித்து, கடிதத்தைப் போல மடிப்பு மடிப்பாக வைத்துக்கொண்டு படிக்கிறார். தூதன் கொண்டுவந்த செய்தியை ஊருக்குப் பிரித்துப் படிக்கிற பாவனை இது. கதையே அரசனின் முத்திரை போட்ட கடிதங்களால்தான் நகர்கிறது. அழிக்கச் சொல்லி ஒரு கடிதம், காத்துக்கொள்ளச் சொல்லி இன்னொன்று, கடைசியில் ‘இந்த நாளை மறக்காதீர்கள்’ என்று ஒன்று. அந்தக் கடைசிக் கடிதம் ஆண்டுதோறும் சபைக்கு வந்து சேருகிறது. இந்த வழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கடிதம் என்றால் முழுதாகக் கேட்க வேண்டும் அல்லவா? வரிசை மாற்றிப் படித்தால் கடமை நிறைவேறாது என்கிறது மிஷ்னா. ஆமான் பெயர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றிக் கூச்சல் போடுவார்கள். சத்தம் அடங்கும்வரை ஓதுபவர் காத்திருப்பார், ஒரு சொல்லும் யார் காதிலும் தவறிவிடக் கூடாது என்பதற்காக. ஆமானின் பத்து மகன்களின் பெயர்களை ஒரே மூச்சில் சொல்வார்கள். ‘சூசான் நகரம் கலங்கிற்று’ போன்ற வரிகள் வந்தால், மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் அஷ்கெனாசி மரபில் ராகம் சட்டென்று புலம்பலின் ராகத்துக்கு மாறிவிடும். பெண்களுக்கும் இந்த வாசிப்பைக் கேட்கும் கடமை உண்டு. ‘அந்த அற்புதத்தில் அவர்களும் இருந்தார்கள்’ என்று ரப்பி யெஹோஷுவா பென் லேவி அதற்குக் காரணம் சொன்னதாக, மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத் பதிவு செய்கிறது.

‘மெகில்லத் எஸ்தர்’ என்றால் ‘மறைந்ததை வெளிப்படுத்துதல்’ என்று ஒரு விளக்கமும் பரவலாக உண்டு. எபிரேய எஸ்தர் புத்தகத்தில் கடவுளின் பெயர் எங்கும் வெளிப்படையாக வராது. எஸ்தர் என்ற பெயரோடு ‘நான் என் முகத்தை மறைப்பேன்’ என்ற உபாகம வசனத்தைத் தல்மூத் இணைக்கிறது. அழகான தியானம், ஆனால் சொற்பிறப்பு அல்ல. ‘வெளிப்படுத்து’ என்பதன் எபிரேய வேர் கடைசி எழுத்தில் வேறுபடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஆகமம்’ பொருந்தாது. தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் அது ஆதியாகமம் முதல் உபாகமம் வரையுள்ள தோரா நூல்களோடு ஒட்டிக்கொண்ட சொல். ‘சுருள்’ சரியான சொல்தான், ஆனால் அதில் கடிதம் என்ற பொருள் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத் தரும் பழைய சொல் நம்மிடம் இருக்கிறது: முடங்கல். முடங்குதல் என்றால் வளைதல், சுருளுதல். சுருட்டி அனுப்பிய ஓலைக் கடிதம் முடங்கல். சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்குக் கொடுத்தனுப்புவது ‘மண்ணுடை முடங்கல்’, அதாவது மண் முத்திரை இட்ட கடிதம். எஸ்தர் கதையின் முத்திரைக் கடிதங்களுக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆகவே பூரீம் மெகில்லாவை ‘எஸ்தர் முடங்கல்’ என்றும், அதை ராகத்தோடு வாய்விட்டு வாசிப்பதை ‘முடங்கல் ஓதல்’ என்றும் சொல்லலாம். மற்ற நான்கையும் கடிதமாகக் கொள்ளும் வழக்கம் இல்லை. பல சபைகளில் அவற்றை அச்சிட்ட புத்தகத்திலிருந்தே படிக்கிறார்கள். அவற்றுக்குச் ‘சுருள்’ போதும்.

அஷ்கெனாசி யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷ் மொழியில் ‘முழு மெகில்லா’ என்று ஒரு பேச்சுவழக்கு உண்டு. ஒன்று விடாமல் நீட்டிச் சொல்லும் கதைக்கு அந்தப் பெயர். அங்கே மட்டும் முடங்கலும் வேண்டாம், சுருளும் வேண்டாம். ‘ராமாயணம்’ என்று மொழிபெயர்த்தால் நம்மவர்களுக்கு உடனே புரியும்.