பெத்தே சமன்பாடு தொலைத்துவிடும் நிலைகள்

ஸ்பின் சங்கிலி (வரிசையாக நிற்கும் நுண்ணிய குவாண்டம் காந்தங்கள்) பற்றிய கணக்குகளுக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது: பிளாங்க் மாறிலியைச் சுழியமாக்கினால்தான் குவாண்டத்திலிருந்து கிளாசிக்கல் சமன்பாடு வரும் என்று. துல்லியமாகத் தீர்க்கக்கூடிய குவாண்டம் அமைப்புகளில் கதையே வேறு. அங்கே டிரான்ஸ்ஃபர் அணிகளின் (அமைப்பின் ஆற்றல்களைக் கணக்கிட உதவும் அணிகள்) ஐகன் மதிப்புகள், தோராயம் எதுவும் இல்லாமலே, ஹிரோட்டா என்ற ஆய்வாளர் 1981இல் எழுதிய வேறுபாட்டுச் சமன்பாட்டுக்கு (மாறி படிப்படியாகத் தாவும் சமன்பாடு) அடங்கி நடக்கின்றன. அது சாலிட்டான் (உருக்குலையாமல் நகரும் அலை) ஆய்வில் பிறந்த கிளாசிக்கல் சமன்பாடு. 1990களில் ஆய்வாளர்கள் கிரிச்செவர், லிபான், வீக்மன், ஸாப்ரோடின் நால்வரும் இந்த உறவை விரித்துக் காட்டினார்கள். பிளாங்க் மாறிலி மறைவதில்லை. மாறி ஒவ்வொரு முறையும் தாவும் படியின் அளவாக உள்ளேயே இருக்கிறது.

சரி, கணினியில் எண் கணக்கு போடுகிறவருக்கு இதனால் என்ன?

4 ஸ்பின் கொண்ட ஹைசன்பர்க் வளையத்தை (அண்டை ஸ்பின்கள் ஒன்றோடொன்று வினைபுரியும் வட்டச் சங்கிலி) எடுத்துக்கொள்வோம். இரண்டு ஸ்பின் மேல், இரண்டு கீழ் என அடுக்கும் வழிகள் 6; அதில் 4 நிலைகள் மொத்த ஸ்பின் சுழியமல்லாதவை. ஆக மொத்த ஸ்பின் சுழியமான நிலைகள் 6 − 4 = 2. இந்த நிலைகளைக் கண்டுபிடிக்க இயற்பியலாளர் பெத்தே 1931இல் தந்த சமன்பாடுகளை நிரலிடம் கொடுத்தால் ஒன்று சமர்த்தாக வந்துவிடும்: அதன் மூலங்களைத் தரும் கோவை ப² − 1/12 (ப என்பது மாறி). மற்றதன் கோவை ப² + 1/4. மூலங்கள் கற்பனை அலகின் பாதியில் போய் உட்கார, சமன்பாட்டில் உள்ள பின்னத்தின் பகுதி (கீழ் எண்) சுழியமாகிவிடும். நிரல் அதைப் பிழை என்று தள்ளிவிடும். பார்ப்பவரும் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார். அந்தப் பட்டியலை வைத்து வெப்பக் கொள்ளளவு கணக்கிட்டால் விடை தவறு.

இதையே ஹிரோட்டா பாணி வேறுபாட்டு வடிவில் எழுதிப் பாருங்கள். ப² + 1/4 உடன் ப³ + (5/4)ப என்ற துணைக் கோவையை வையுங்கள். ஒன்றை அரை கற்பனை அலகு மேலேயும் மற்றதைக் கீழேயும் நகர்த்திப் பெருக்கி, திசை மாற்றிப் பெருக்கியதைக் கழித்தால், ஒரு மாறிலிப் பெருக்கலோடு, 4 ஸ்பினுக்குத் தேவையான ப⁴ மட்டுமே மிஞ்சும். வகுத்தலே இல்லை, வெடிக்க எதுவும் இல்லை. ஆய்வாளர்கள் மார்போவும் வோலினும் இந்த வழியில்தான் வேகமான தீர்வு முறையை அமைத்தார்கள்.

அதற்காக ஹிரோட்டா சமன்பாட்டின் தீர்வெல்லாம் குவாண்டம் நிலை ஆகிவிடாது. எல்லை நிபந்தனைகள் பொருந்த வேண்டும். கோவை, அதன் துணை இரண்டுமே பல்லுறுப்புக்கோவைகளாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சங்கிலியில் 5 ஸ்பின் இருந்தால் அதே ப² + 1/4க்கு 4ஆம் படியில் துணை தேட வேண்டும். கெழுக்களை எப்படி மாற்றினாலும், தேவையான ப⁵ உடன் ஒரு ப³ உறுப்பு ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே அங்கே அந்தத் தீர்வைத் தள்ளுவதே சரி.